கேரவனில் உள்ள ஃப்ரிட்ஜை எப்படிப் பயன்படுத்துவது? பால் கெடாமல், பேட்டரி இறங்காமல் இருக்க என்ன வழி?

கேரவன் வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றக் கிளம்பும் பழக்கம் இந்தியாவில் மெல்ல வேர்விட்டு வருகிறது. கேரளா 2021-ஆம் ஆண்டு கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கையை அறிவித்தது. டெம்போ டிராவலர் போன்ற வேன்களில் கட்டில், அடுப்பு, சிங்க், ஃப்ரிட்ஜ் எல்லாம் பொருத்தித் தரும் பட்டறைகளும் வந்துவிட்டன.

வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள் கட்டிலையும் டாய்லெட்டையும் ஏசியையும்தான் உற்றுப் பார்ப்பார்கள். ஃப்ரிட்ஜைத் திறந்து, "ம், இருக்கு" என்று மூடிவிடுவோம். ஆனால் பயணத்தின் இரண்டாம் நாள் காலையில் மக்கர் செய்வது பெரும்பாலும் அதுதான். பால் திரிந்திருக்கும், மீன் நாறும், பேட்டரி இறங்கியிருக்கும். இன்சுலின் போடுபவர் வண்டியில் இருந்தால் பிரச்னை இன்னும் பெரிது.

இதைத் தவிர்க்க என்ன செய்யலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

வீட்டில் ஃப்ரிட்ஜுக்கு மூன்று வசதிகள் இருக்கின்றன. மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். தரை சமமாக இருக்கும். அறை வெப்பம் ஓரளவு கட்டுக்குள் இருக்கும். கேரவனில் இந்த மூன்றுமே கிடையாது. மின்சாரம் பேட்டரியில் இருக்கும் அளவுதான். வண்டி சரிவில் நிற்கும், குலுங்கும். மே மாதம் நாக்பூரிலோ ஜெய்சால்மரிலோ வெயிலில் நிறுத்திய வண்டி, வெளியே இருப்பதைவிட உள்ளே இன்னும் சூடாகக் கொதிக்கும்.

முதலில், உங்கள் வண்டியில் இருப்பது என்ன வகை?

சாவியை வாங்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு வகைக்கும் பயன்படுத்தும் முறை வேறு.

1. டிசி கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ்: நேரடியாக 12 அல்லது 24 வோல்ட் பேட்டரியில் ஓடும். காது கொடுத்துக் கேட்டால் 'ம்ம்ம்' என்று மெல்லிய சத்தம் விட்டு விட்டு வரும். நம் ஊர் வெயிலுக்கு இதுதான் பொருத்தமானது.

2. மூன்று வழி ஃப்ரிட்ஜ்: 12 வோல்ட், 230 வோல்ட், எல்பிஜி கேஸ் என மூன்றிலும் ஓடும். சத்தமே இருக்காது. வண்டியின் வெளிப்பக்கச் சுவரில் மேலே ஒன்று, கீழே ஒன்று எனக் காற்றோட்டக் கம்பி வலைகள் இருக்கும். வெளிநாட்டு பாணியில் கட்டிய வண்டிகளில் இதைப் பார்க்கலாம்.

3. இன்வெர்ட்டரில் ஓடும் சின்ன வீட்டு ஃப்ரிட்ஜ்: ஹோட்டல் அறையில் இருக்குமே, அதே மினி ஃப்ரிட்ஜ்தான். விலை குறைவு என்பதால் உள்ளூரில் மாற்றியமைக்கும் வண்டிகளில் இதை வைப்பதுண்டு.

4. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் கூலர் பெட்டி: இது ஃப்ரிட்ஜே இல்லை. வெளி வெப்பத்தைவிட 15 முதல் 20 டிகிரி வரைதான் இதனால் குறைக்க முடியும். வெளியே 42 டிகிரி என்றால் உள்ளே 22-க்குக் கீழே போகாது. தண்ணீர் பாட்டிலுக்கு ஓகே. பாலுக்கும் மீனுக்கும் மருந்துக்கும் வேண்டாம்.

எவ்வளவு கரண்ட் தின்னும்?

கணக்கு எளிதுதான். 50 முதல் 80 லிட்டர் டிசி ஃப்ரிட்ஜ் ஒன்று, கம்ப்ரஸர் ஓடும்போது சுமார் 50 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது நாள் முழுக்க ஓடாது. உள்ளே குளிர்ந்ததும் நின்றுவிடும், சூடேறினால் மறுபடி ஓடும். மிதமான வெயிலில் 24 மணி நேரத்தில் பாதி நேரம் ஓடினால், 50 வாட் × 12 மணி = 600 வாட்-மணி. 12 வோல்ட்டால் வகுத்தால் 50 ஆம்பியர்-மணி. பேட்டரி கடையில் 'ஏ.ஹெச்.' என்று சொல்வது இதைத்தான்.

கடும் கோடையில் கம்ப்ரஸர் 17 மணி நேரம்கூட ஓடலாம். அப்போது கணக்கு 850 வாட்-மணி, அதாவது சுமார் 70 ஏ.ஹெச். ஆகிவிடும்.

இப்போது பேட்டரியைப் பாருங்கள். 100 ஏ.ஹெச். லெட் ஆசிட் பேட்டரியில் 100-ஐயும் எடுக்கக் கூடாது. பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆக, கையில் இருப்பது 50 ஏ.ஹெச். அதே 100 ஏ.ஹெச். லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரி என்றால் 80 முதல் 90 வரை எடுக்கலாம். கோடையில் ஒரு நாள் முழுக்க வண்டி நின்றால், ஒற்றை லெட் ஆசிட் பேட்டரி ஃப்ரிட்ஜுக்கே பத்தாது. இதில் ஃபேன், லைட், செல்போன் சார்ஜ் எல்லாம் இன்னும் சேரவில்லை.

சோலார் இருந்தால்? கூரையில் 200 வாட் பேனல் இருக்கிறது, நல்ல வெயில் நாலரை மணி நேரத்துக்குச் சமமாகக் கிடைக்கிறது, தூசி, சூடு, வயர் இழப்பெல்லாம் போக 70 சதவீதம் மிஞ்சுகிறது என்றால் சுமார் 630 வாட்-மணி வரும். மிதமான நாளில் ஃப்ரிட்ஜுக்கு மட்டும் சரியாகப் போகும். கொங்கண் கடற்கரையில் ஜூலை மழையில் நிறுத்தியிருந்தால் இந்தக் கணக்கு நடக்காது.

இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜில் மறைந்திருக்கும் செலவு

"வீட்டு ஃப்ரிட்ஜ்தானே, அஞ்சு ஸ்டார் போட்டிருக்கே" என்று கேட்கலாம். ஃப்ரிட்ஜ் குறைவாகத்தான் எடுக்கும். ஆனால் இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலும் கொஞ்சம் கரண்டைத் தின்றுகொண்டே இருக்கும். அது 15 வாட் என்றாலும் 24 மணி நேரத்தில் 360 வாட்-மணி. மிதமான நாளில் டிசி ஃப்ரிட்ஜ் எடுப்பதில் பாதிக்கும் மேல், காற்றோடு போகிறது.

அடுத்து, சாதாரண கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். சின்ன இன்வெர்ட்டர் அப்போது 'ட்ரிப்' ஆகும். இந்த வகைதான் உங்கள் வண்டியில் என்றால், இன்வெர்ட்டர் ப்யூர் சைன் வேவ் வகைதானா என்று கேளுங்கள். கதவில் பூட்டும் இருக்காது. முதல் ஸ்பீடு பிரேக்கரில் கதவு திறந்து தயிர் பாத்திரம் தரையில் கவிழும். கதவுக்கு ஒரு கொக்கியோ பட்டையோ கட்டாயம் போடுங்கள்.

இன்னொரு விஷயம். ஃப்ரிட்ஜை ஒருபோதும் இன்ஜின் ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் இரவு முழுக்க ஓட்டாதீர்கள். தனி பேட்டரி இருக்கிறதா, வண்டி ஓடும்போது அது சார்ஜ் ஆகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் காலையில் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டியிருக்கும்.

கிளம்பும் முன் என்ன செய்யணும்?

வேன் ஃப்ரிட்ஜால் குளிரைக் காப்பாற்ற முடியும். சூடான பொருளைச் சீக்கிரம் குளிர வைப்பதுதான் அதற்குக் கஷ்டம். அதனால் கிளம்புவதற்கு 12 முதல் 24 மணி நேரம் முன்பே, வீட்டு பிளக்கில் இணைத்து காலியாக ஓட விடுங்கள். உள்ளே வைக்கும் பொருட்களையும் வீட்டு ஃப்ரிட்ஜில் குளிர வைத்தே எடுத்துச் செல்லுங்கள். ஒன்றிரண்டு தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து உள்ளே வைத்தால், அவை இரவில் பேட்டரியின் வேலையைப் பகிர்ந்துகொள்ளும்.

திருகியில் இருக்கும் 1, 2, 3 என்ற எண்கள் டிகிரி அல்ல. ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டரை நடுத்தட்டில் வையுங்கள். இலக்கு 5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே. 5 முதல் 60 டிகிரிக்கு நடுவே கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை.

திணித்து அடுக்காதீர்கள். குளிர்ந்த காற்று சுற்றிவர இடம் வேண்டும். இறைச்சி, மீன் இரண்டையும் இறுக மூடும் டப்பாவில் அடித்தட்டில் வையுங்கள். குலுக்கலில் அதன் நீர் கீரையிலும் பழத்திலும் சொட்டக் கூடாது. சூடான குழம்பை அப்படியே உள்ளே தள்ளாமல், பாத்திரத்தோடு குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றி, பிறகு வையுங்கள்.

எதை உள்ளே வைக்க வேண்டியதில்லை என்று தெரிந்தாலே பாதி இடம் மிச்சம். வெங்காயம், உருளை, வாழைப்பழம், ஊறுகாய் வெளியே இருக்கலாம். பாக்கெட் பாலுக்குக் குளிர் கட்டாயம். ஆனால் அட்டைப்பெட்டியில் வரும் யுஎச்டி பாலைத் திறக்கும் வரை வெளியிலேயே வைக்கலாம். நீண்ட பயணத்தில் இது பெரிய உதவி. இட்லி மாவு கொண்டு போகிறவர்கள் டப்பாவைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். குளிர் கொஞ்சம் குறைந்தாலும் மாவு பொங்கி மூடியைத் தள்ளிவிடும்.

மூன்று வழி ஃப்ரிட்ஜ்: சாய்ந்தால் ஏன் குளிராது?

இதற்குப் பின்னால் ஒரு சுவாரசியமான கதை உண்டு. 1922-இல் பால்ட்சர் வோன் பிளாட்டன், கார்ல் மண்டர்ஸ் என்ற இரண்டு ஸ்வீடன் மாணவர்கள், சூட்டைக் கொண்டே குளிர வைக்கும் இந்த முறையை உருவாக்கினார்கள். கம்ப்ரஸரும் இல்லை, மோட்டாரும் இல்லை. அம்மோனியா கலந்த தண்ணீரைச் சூடாக்கினால் அம்மோனியா ஆவியாகப் பிரியும். அது மேலே குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் நிறைந்த குழாய்க்குள் மறுபடி ஆவியாகும்போது ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். பிறகு தண்ணீரில் கரைந்து பழைய இடத்துக்கே வரும்.

இந்தத் திரவம் கீழே இறங்கி வருவது புவியீர்ப்பால் மட்டும்தான். வண்டி சாய்ந்து நின்றால் அது குழாயின் ஏதோ ஒரு வளைவில் தேங்கிவிடும். குளிர் நின்றுபோகும். வெகுநேரம் அப்படியே ஓடினால் ஃப்ரிட்ஜ் நிரந்தரமாகவே பழுதாகலாம். பொதுவாகச் சுமார் 3 டிகிரி சாய்வுதான் இதற்கு எல்லை. இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே 1.6 மீட்டர் இருந்தால், 3 டிகிரி என்பது ஏறக்குறைய 8 செ.மீ. உயர வித்தியாசம். ஒரு செங்கல் உயரம், அவ்வளவுதான். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்றை ஃப்ரிட்ஜ் உள்தட்டில் வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்குக் கீழே பலகை கொடுங்கள். டிசி கம்ப்ரஸர் வகைக்கு இந்த அளவு கெடுபிடி இல்லை.

வெயிலும் இதற்குப் பகை. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் லேபிளில் தட்பவெப்ப வகுப்பு என்று ஒன்று இருக்கும். 'என்' என்றால் 32 டிகிரி வரைக்கும், 'எஸ்டி' என்றால் 38 வரைக்கும், 'டி' என்றால் 43 வரைக்கும் தாங்கும். ராஜஸ்தான் கோடைக்கு 'என்' வகுப்பு ஃப்ரிட்ஜ் சரிப்பட்டு வராது. வண்டியை நிறுத்தும்போது காற்றோட்ட வலை இருக்கும் பக்கத்தைப் பிற்பகல் மேற்கு வெயில் படாமல் திருப்பி நிறுத்துங்கள். வலையை மறைத்து மூட்டையோ செருப்போ வைக்காதீர்கள்.

உயரமும் பார்க்க வேண்டிய விஷயம். சுமார் 1,000 மீட்டருக்கு மேலே போகப் போகக் காற்று மெலிவதால் கேஸ் சுடர் வலுவிழக்கும், அணையவும் செய்யும். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லடாக் போகிறவர்கள் கேஸை நம்பாமல் மின்சாரத்தில் ஓட்டத் தயாராகப் போவது நல்லது.

12 வோல்ட் முறையில் இந்த வகை ஃப்ரிட்ஜ் 10 ஆம்பியருக்கும் மேல்கூட இழுக்கும். அதனால் வண்டி ஓடும்போது 12 வோல்ட், நின்றால் கேஸ் அல்லது பிளக். இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு 12 வோல்ட்டிலேயே விட்டுவிட்டால் சில மணி நேரத்தில் பேட்டரி காலி.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்: கேஸும் புகையும்

2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரில் இருந்து வந்த கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்ததே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. அங்கே காரணம் ஃப்ரிட்ஜ் இல்லை. ஆனால் ஃப்ரிட்ஜுக்காகவும் ஏசிக்காகவும் ராத்திரி முழுக்க ஜெனரேட்டரையோ இன்ஜினையோ ஓட விட்டுத் தூங்குகிறவர்கள் எல்லோரும் அந்தச் சம்பவத்தை நினைவில் வைக்க வேண்டும். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜின் சுடர் இருக்கும் பகுதி, நீங்கள் தூங்கும் இடத்திலிருந்து முழுக்க அடைக்கப்பட்டு, புகை வெளியே மட்டுமே போகும்படி இருக்க வேண்டும். சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தாலோ கரி படிந்தாலோ உடனே நிறுத்துங்கள்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும், கேஸ் கசிவு அலாரம் ஒன்றும் வண்டியில் இருக்கட்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கீழே தேங்கும். அதனால் கசிவு அலாரம் தரைக்கு அருகே இருக்க வேண்டும்.

வண்டி ஓடும்போது சிலிண்டரை மூடிவிடுங்கள். பெட்ரோல் பங்கில் நுழையும் முன் ஃப்ரிட்ஜ் சுடர் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேஸ் வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் சிலிண்டரை மூடி, கதவுகளைத் திறந்து, எல்லோரும் இறங்குங்கள். எல்பிஜி அவசர உதவி எண் 1906. வண்டிக்குள் இருக்கும் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தால் 'வண்டி ஒத்துக்கலை' என்று நினைத்துப் படுக்காதீர்கள். வெளிக்காற்றுக்கு வந்து 112-ஐ அழையுங்கள்.

இன்சுலின் எடுத்துப் போகிறவர்களுக்கு

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால், பிறகு உருகிப் பழையபடி தெரிந்தாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. வேன் ஃப்ரிட்ஜ் சின்னது என்பதால் ஃப்ரீசர் தகட்டை ஒட்டிய இடம் எளிதில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். அதனால் மருந்தை டப்பாவில் போட்டு, தகட்டிலிருந்து தள்ளி, தெர்மாமீட்டருக்குப் பக்கத்தில் வையுங்கள். உறைந்த பாட்டிலோடு ஒட்டி வைக்க வேண்டாம்.

பயன்படுத்திக்கொண்டிருக்கும் பேனாவைப் பொதுவாகக் குறிப்பிட்ட நாட்கள் வெளியே வைத்துக்கொள்ளலாம். எத்தனை நாள், எத்தனை டிகிரி வரை என்பது மருந்தோடு வரும் தாளில் இருக்கும். ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டால் மருந்தைக் கவரில் போட்டு, ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் வைக்கும் பழைய முறை அவசரத்துக்குக் கைகொடுக்கும். இது வறண்ட காற்றில்தான் நன்றாக வேலை செய்யும். ராஜஸ்தானில் குளிரும். கோவா கடற்கரைப் புழுக்கத்தில் அவ்வளவாகக் குளிராது.

திடீரென நின்றுவிட்டால் எதைப் பார்ப்பது?

முதலில் பேட்டரி வோல்ட்டேஜ். பேட்டரியைக் காப்பாற்ற, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் டிசி ஃப்ரிட்ஜ் தானாக நின்றுவிடும். 12 வோல்ட் கம்ப்ரஸர்கள் பலவற்றில் இது 10.4 வோல்ட் அளவில் இருக்கும். மாடலைப் பொறுத்து மாறும். கதவுக்குப் பின்னாலோ கம்ப்ரஸர் அருகிலோ ஒரு சின்ன விளக்கு விட்டு விட்டு மினுக்கினால், அது எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணுங்கள். அதுதான் பிழைக் குறியீடு. கையேட்டில் அர்த்தம் இருக்கும்.

பேட்டரி நிறைய இருந்தும் நிற்கிறதா? வயர் மெலிதாக இருக்கலாம். பேட்டரியிலிருந்து ஃப்ரிட்ஜ் 5 மீட்டர் தள்ளி இருந்தால், கரண்ட் போய்வரும் தூரம் 10 மீட்டர். 1 சதுர மி.மீ. செம்பு வயரில் 5 ஆம்பியர் ஓடினால் சுமார் 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 சதுர மி.மீ. வயர் என்றால் இழப்பு 0.2 வோல்ட் அளவுதான். வீட்டு வயரிங்கில் பெரிதாகத் தெரியாத ஒரு வோல்ட், இங்கே ஃப்ரிட்ஜை நிறுத்தப் போதும்.

சரிசெய்யும் வரை கதவைத் திறக்காதீர்கள். 5 டிகிரிக்கு மேல் 2 மணி நேரத்துக்கும் அதிகமாக இருந்த பால், இறைச்சி, மீன், மிச்சக் குழம்பு எதையும் சாப்பிட வேண்டாம். 'மோந்து பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு' என்பதை நம்ப முடியாது. நோய் தரும் கிருமிகள் வாசனையை மாற்றாமலேயே பெருகும். சந்தேகமாக இருந்தால் கொட்டிவிடுங்கள். ஆஸ்பத்திரி இல்லாத மலைப்பாதையில் வயிற்றுப்போக்கு என்பது சின்ன விஷயம் இல்லை.

சொந்த வேனில் நாமே ஃப்ரிட்ஜ் வைக்கலாமா?

செருகி எடுக்கும் டிசி பெட்டி ஃப்ரிட்ஜை வைத்துக்கொள்வது வேறு. வண்டியின் உடலை வெட்டி, கேஸ் குழாய் இழுத்து, இருக்கைகளை எடுத்து மாற்றுவது வேறு. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்காமல் பட்டறையில் வண்டியை விடாதீர்கள். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் இதைத்தான் முதலில் கேட்கும்.

வாடகைக்கு எடுப்பவர்கள் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை இவை: ஃப்ரிட்ஜ் எந்த வகை? அதற்குத் தனி பேட்டரி உண்டா, எத்தனை ஏ.ஹெச்.? வண்டி ஓடும்போதும் சோலாரிலும் சார்ஜ் ஆகுமா? தங்கும் இடத்தில் இணைக்க 230 வோல்ட் கேபிள் தருவீர்களா? கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா? முடிந்தால் முந்தைய நாளே ஃப்ரிட்ஜை ஆன் செய்து வைக்கச் சொல்லி, வண்டியை எடுக்கும்போது தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள்.

பயணம் முடிந்ததும் ஃப்ரிட்ஜைக் காலி செய்து, ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் துடைத்து, கதவைக் கொஞ்சம் திறந்தபடி விடுங்கள். ஈரத்தோடு மூடிவைத்தால் பூஞ்சை பிடித்து, அடுத்த பயணத்தில் என்ன வைத்தாலும் அந்த வாடை வரும்.